நோயும் வேலைநீக்கமும்: புத்தளக் கரையோரத் தொழிலாளரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வைத்தியச் சான்றிதழுடன் சுகவீன விடுமுறையிலிருக்கும் ஒரு தொழிலாளியை அவ்விடுமுறைக் காலத்திலேயே வேலையிலிருந்து நீக்குதல் சட்டத்துக்கு உடன்பட்டதா? இவ்வினா முதல் நோக்கிற் சட்டத்தரணிகளுக்கு மாத்திரம் உரியதாகத் தோன்றலாம். ஆயின், மகப்பேற்றோடு தொடர்புடைய சில ஏற்பாடுகளைத் தவிர்த்து நோக்கின், இவ்வினாவுக்கு ஒரே வரியில் விடை தரும் பிரிவு எதுவும் இலங்கைச் சட்டத்தில் இல்லை. விடை பல சட்டங்களில், பல காலங்களில், பல்வேறு அரசியற் சூழல்களின் விளைவாகச் சிதறிக் கிடக்கின்றது. அதனை ஒன்றுசேர்க்க முனையும்போது நாம் எதிர்கொள்வது சட்டப் பிரிவுகளை மட்டுமல்ல. அப்பிரிவுகளைத் தோற்றுவித்த வர்க்க உறவுகளின் வரலாற்றையுந்தான்.

இவ்வாய்வுக்கு நாம் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை எடுத்துக்கொள்கின்றோம். நிரந்தர நியமனம் பெற்ற எழுதுவினைஞர், தென்னந்தோட்டக் கூலியாள், உப்பளத் தொழிலாளி, இறால் பண்ணை ஊழியர், கரைவலை இழுக்கும் பங்காளி ஆகிய ஐவகையினரும் ஒரே கடற்காற்றைச் சுவாசித்து வாழும் பிரதேசம் இது. ஐவருக்கும் காய்ச்சல் ஒன்றே. ஆனால் அக்காய்ச்சல் சட்டத்தின் கண்ணில் ஐந்து வேறுபட்ட நிகழ்ச்சிகளாகி விடுகின்றது. ஏன் அவ்வாறாகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கரையோரமும் அதன் உழைப்பும்

இலக்கிய மாணவருக்குக் கற்பிட்டி என்னும் பெயர் சைமன் காசிச்செட்டியின் பிறப்பிடமாகவே பெரிதும் அறிமுகமானது. 1807ஆம் ஆண்டில் அங்குப் பிறந்து, 1834இல் இலங்கை பற்றிய இடவிளக்க நூலையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்திற் கூறும் நூலையும் வெளியிட்ட அவரைப் பற்றி நமது பல்கலைக்கழகங்களிற் பேசப்பட்டுள்ள அளவுக்கு, அவர் பிறந்த கரையில் உழைத்தோரைப் பற்றிப் பேசப்படவில்லை.

இக்கரையின் பொருளாதார முக்கியத்துவத்துக்கு உப்பே அடிப்படையாக அமைந்தது. கண்டி அரசுக்கு உப்பு கடற்கரையிலிருந்தே சென்றாகவேண்டும். எனவே கற்பிட்டியையும் புத்தளத்தையும் கட்டுப்படுத்துவது உள்நாட்டு அரசின் கழுத்தில் கைவைப்பதற்கு ஒப்பானதாயிருந்தது. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கற்பிட்டியிற் கோட்டை கட்டியதும், 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதன் மீதும் ஆதிக்கம் பெற்றதும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். பிரித்தானியர் உப்பை அரசாங்கத்தின் ஏகபோகமாக்கி, அதன் விற்பனையை வருமான ஊற்றாகக் கொண்டனர். ஆக, உப்பை விளைவித்த கைகளுக்கும் உப்பை விற்ற அரசுக்கும் இடையிலான உறவு, இக்கரையில் மிகப் பழமையான உழைப்பு உறவுகளில் ஒன்று எனலாம்.

உப்பைத் தொடர்ந்து தென்னை வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சிலாபம் முதலாகத் தென்னந்தோட்டங்கள் விரிவடைந்தன. சுதந்திரத்தின் பின்னர் அரசாங்கச் சீமெந்துத் தொழிற்சாலையும், 1980களிலிருந்து முந்தல், சிலாபம் ஆகிய பகுதிகளின் களப்புகளைச் சூழ இறால் பண்ணைகளும், 2011இலிருந்து நுரைச்சோலை அனல்மின் நிலையமும் உழைப்புச் சந்தையை மாற்றியமைத்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். நிலமும் வலையும் கடையும் இழந்து வந்த அவர்களுட் பலர் நாட்கூலிகளாயினர். எதிர்ப்பேச்சுப் பேசும் நிலையில் இல்லாத ஒரு தொழிலாளர் படை இவ்வாறு உருவாயிற்று. உப்பளத்திலும் தோட்டத்திலும் இறால் தொட்டியிலும் ஒருவர் நோயுற்றால் அவரிடத்தை நிரப்ப மற்றொருவர் வாயிலில் நிற்கின்றார். மார்க்சு கூறிய உபரித் தொழிலாளர் சேமப்படை என்னும் கருத்து இங்கே ஏட்டுக் கோட்பாடாக அன்றி அன்றாட அனுபவமாக விளங்குகின்றது.

2. குற்றமாகக் கருதப்பட்ட வருகையின்மை

இலங்கையிற் கூலியுழைப்பை முறைப்படுத்திய ஆரம்பகாலச் சட்டங்கள் 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமுமாகும். இவை தோட்டங்களுக்காகவே பெரிதும் பயன்பட்டன என்பது உண்மையே. ஆயினும் இவற்றின் சொற்கள் வேலையாள், கூலியாள், கைவினைஞர் என அனைவரையும் தழுவி நின்றன. ஒப்பந்தத்திற் கட்டுண்டவர் நியாயமான காரணமின்றி வேலைக்கு வரத் தவறினால், சம்பளத்தை இழப்பதோடு மூன்று மாதம் வரையிலான சிறைத்தண்டனைக்கும் ஆளாகலாம். வருகையின்மை ஒப்பந்த மீறலாக மாத்திரமன்றிக் குற்றமாகவும் நோக்கப்பட்ட காலம் அது.

'நியாயமான காரணமின்றி' என்னும் தொடர் கருதற்பாலது. நோய் நியாயமான காரணந்தான். ஆனால் அதனை யார் சான்றுபடுத்துவது? கங்காணியா, துரையா, நீதவானா? நோயுற்ற உடலே தனக்காகச் சாட்சி சொல்ல முடியாத நிலையில், நோயை நிறுவும் சுமை கூலியாளின் மீதே வீழ்ந்தது. 1872ஆம் ஆண்டிலும் 1880ஆம் ஆண்டிலும் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை மனிதாபிமானத்தால் மட்டும் பிறந்தவையல்ல. செலவு செய்து கொணர்ந்த உழைப்புச் சக்தி வீணாகாமற் காக்கவேண்டிய தேவையும் அவற்றுக்குள் இருந்தது. அவையுங்கூடப் பெருந்தோட்டங்களை நோக்கியவையேயன்றி, உப்பளக் கரையை நோக்கியவையல்ல.

இதே காலத்தில் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் இருவேறு போக்குகள் தோன்றியிருந்தன. 1858இல், நீண்டகால ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட மதுவடிப்பாளர் ஒருவர் தற்காலிகமாக நோயுற்றபோது ஒப்பந்தம் முறிந்துவிடவில்லை என்றும், அக்காலத்துச் சம்பளம் அவருக்கு உரியது என்றும் தீர்க்கப்பட்டது. 1876இலோ, இசைநாடகமொன்றின் தொடக்க நாட்களில் நோயுற்ற பாடகிக்குப் பதிலாக மற்றொருவரை அமர்த்திய முதலாளியின் செயல் சரியானதென்று தீர்ப்பாயிற்று. நோய் ஒப்பந்தத்தை இடைநிறுத்துகின்றதா, முடித்துவைக்கின்றதா? விடை, அவ்வுழைப்பு அந்த வேளையில் மூலதனத்துக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பொறுத்திருந்தது. இன்றும் 'இயலாமை' என்ற பெயரில் முன்வைக்கப்படும் வாதங்களின் ஊற்று இதுவே.

வேலையாள் ஒப்பந்தத்தை மீறுவதற்குக் குற்றவியற் தண்டனை விதிக்கும் முறையை இங்கிலாந்து 1875இற் கைவிட்டது. இலங்கையில் அது 1920களின் தொடக்கம் வரை நீடித்தது. தாய்நாட்டில் நாகரிகமற்றதெனக் கருதப்பட்ட ஒன்று குடியேற்ற நாட்டில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் மேலும் உயிர்வாழ்ந்தது.

3. காய்ச்சலும் அரசியலும்

நோய் தனிமனிதரின் துரதிர்ஷ்டம் என்ற எண்ணத்தைத் தகர்த்த பெரு நிகழ்ச்சி 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயாகும். ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்ததாகக் கணிக்கப்படும் அப்பேரிடர், தெதுறு ஓயா, மகா ஓயா ஆகிய ஆற்றுப் படுகைகளைக் கடுமையாகத் தாக்கிற்று. முதலாவது ஆறு சிலாபத்தருகே கடலோடு கலப்பது. இரண்டாவது இம்மாவட்டத்தின் தென்னெல்லையில் ஓடுவது. வரட்சியால் விளைச்சலும் வேலையும் குன்றிப் பசியுற்றிருந்த உடல்களையே காய்ச்சல் எளிதிற் கொன்றது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் நோய்ப்பட்ட கிராமங்களில் மருந்தும் உணவும் வழங்கினர். அவர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைப்பதில் முன்னின்றனர். இலங்கையின் முதல் மார்க்சியக் கட்சியின் பிறப்போடு காய்ச்சலின் வரலாறு பின்னிக் கிடப்பது தற்செயலன்று. வறுமையும் நோயும் ஒன்றுக்கொன்று காரணமாவதை அவர்கள் நூல்களில் மட்டுமன்றிக் கிராமத்துப் பாய்களிலும் கண்டனர்.

1931இன் சர்வசன வாக்குரிமையும், 1920களிலிருந்து வளர்ந்த தொழிற்சங்க இயக்கமும், இவ்விடதுசாரி எழுச்சியும் சேர்ந்து ஆளும் வர்க்கத்தை நெருக்கிய காலத்திலேயே தொழிற்சட்டங்கள் வரிசையாகத் தோன்றின. 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும், 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1941இற் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. இவற்றுள் மகப்பேற்றுச் சட்டம் எமது வினாவுக்கு மிக நெருக்கமானது. கருவுற்றமையையோ, மகப்பேற்றையோ, அவற்றாலெழும் சுகவீனத்தையோ மட்டும் காரணமாக வைத்துப் பெண் தொழிலாளரை நீக்குவதை, பிற்காலத் திருத்தங்களோடு கூடிய அச்சட்டம் தடைசெய்கின்றது. உடலின் ஒரு நிலையைக் காரணங்காட்டி வேலைநீக்கஞ் செய்யலாகாது என்னும் கொள்கை இந்நாட்டின் சட்டத்தில் இவ்வாறு இடம்பெற்றது. ஆனால் அக்கொள்கை பொதுவான நோய்க்கு விரிக்கப்படவில்லை.

4. 1950 முதல் 1971 வரை

சுதந்திரத்தின் பின்னர் எழுந்த மூன்று சட்டங்கள் எமது பொருளின் அடித்தளமாகும்.

முதலாவது, 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். 1957ஆம் ஆண்டில், ரி. பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், அதற்குச் செய்யப்பட்ட திருத்தம் தொழில் நியாய சபைகளைத் தோற்றுவித்தது. வேலைநீக்கஞ் செய்யப்பட்ட ஒருவர் தாமாகவோ தம் சங்கத்தின் மூலமாகவோ நேரே நியாய சபையை நாடும் வழி இதனாற் பிறந்தது. 'நீதியும் நியாயமுமான' கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் அச்சபைக்கு வழங்கப்பட்டது. தொழில் ஒப்பந்தத்தில் மாறாக எது எழுதப்பட்டிருப்பினும் நிவாரணம் வழங்கலாம் என்பதும் ஏற்கப்பட்டது. ஒப்பந்தச் சுதந்திரம் என்னும் முதலாளித்துவச் சட்டத்தின் மூலக் கோட்பாட்டில் விழுந்த பெரும் வெட்டு அது. முதலாளி வர்க்கம் இதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. சபைத் தலைவர்களின் நியமனம் செல்லாது என்ற வாதம் உயர் நீதிமன்றத்தில் வெற்றிபெற்று, இறுதியில் 1967இற் கோமறைக் கழகத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பினாலேயே தோற்கடிக்கப்பட்டது.

இரண்டாவது, 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம். சொந்த அலுவல், சுகவீனம் அல்லது வேறு நியாயமான காரணத்துக்காக ஆண்டொன்றுக்கு 7 நாள் விடுமுறையை இது உறுதிசெய்தது. இதற்கு மாறாக, சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வருடாந்த விடுமுறையை வகுத்ததேயன்றிச் சுகவீன விடுமுறையைப் பொதுவானதோர் உரிமையாக வகுக்கவில்லை. மேசையிலமர்ந்து கணக்கெழுதுபவரின் காய்ச்சலைச் சட்டம் பெயர்சொல்லி ஏற்றது. தென்னைமரத்தடியில் தேங்காய் பொறுக்குபவரின் காய்ச்சலை அவ்வாறு ஏற்கவில்லை. மூளை உழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையிலான பிரிவினை விடுமுறைப் பதிவேட்டிலும் தன் தடத்தைப் பதித்துள்ளது.

மூன்றாவது, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டம். ஐக்கிய முன்னணி ஆட்சியில் இயற்றப்பட்ட இச்சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணத்தாலன்றி வேறெக் காரணத்தாலும் ஒருவரின் வேலையை முடிவுறுத்துவதாயின், அவரது முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும். இவையின்றிச் செய்யப்பட்ட நீக்கம் சட்டவிரோதமானது, வெற்றானது, பயனற்றது. ஆயினும் 15 பேருக்குக் குறைவான வேலையாட்களைக் கொண்ட நிறுவனங்களும், முந்திய 12 மாதங்களில் 180 நாட்களேனும் வேலை செய்யாதோரும் இதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டனர். இவ்விரு இலக்கங்களின் முக்கியத்துவத்தைப் பின்னர் காண்போம்.

5. வினாவும் விடையும்

மேற்கூறியவற்றை ஒன்றுசேர்த்து நோக்குமிடத்து, சுகவீன விடுமுறையிலுள்ளவரை நீக்கும் முதலாளிக்கு மூன்று வாதங்களே எஞ்சுகின்றன.

முதலாவது வாதம், அது தண்டனை என்பது. ஆனால் நோய் குற்றமன்று. பொய்ச் சான்றிதழ் கொடுத்தமையோ, அறிவித்தல் விதிகளை வேண்டுமென்றே மீறியமையோ நிறுவப்பட்டாலன்றி, நோயுற்றமை ஒழுக்காற்று நடவடிக்கைக்குக் காரணமாகாது. வேறொரு தவறுக்காக விசாரணை நடைபெறுமாயின், விடுமுறையிலிருப்பது மட்டும் அதனைத் தடுத்துவிடாது என்பதையும் கூறவேண்டும். எனினும் படுக்கையிலிருப்பவருக்குத் தம் பக்கத்தைக் கூறும் வாய்ப்புக் கிடைத்ததா என்பதை நியாய சபை கவனிக்கும்.

இரண்டாவது வாதம், தொழிலாளி இனி வேலைக்கு இயலாதவர் என்பது. இயலாமை ஒழுக்காற்றுக் காரணமன்று. ஆகவே 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்புடைய இடங்களில் சம்மதமோ அனுமதியோ இன்றி முதலாளி தாமாக முடிவெடுக்க முடியாது. மீறினால், தொடர்ந்து வேலையில் வைத்திருக்கும்படியும் சம்பளத்தைச் செலுத்தும்படியும் ஆணையாளர் கட்டளையிடலாம். எக்காலத்துக்கும் வேலையைக் காக்கும் ஏற்பாடாக இதனைக் கொள்ளலாகாது. நீண்டகால நோயின் காரணமாக முதலாளி அனுமதி கோரவும் ஆணையாளர் நிபந்தனைகளோடு அதனை வழங்கவும் இடமுண்டு. ஆயினும் முடிவெடுக்கும் உரிமை ஒருவர் கையிலிருந்து மாறி, காரணங்கூற வேண்டிய பொது மன்றுக்கு வந்துவிடுகின்றது.

மூன்றாவது வாதமே நடைமுறையில் மிகுதியாகக் கேட்கப்படுவது: 'நாம் நீக்கவில்லை, அவரே பதவியை வறிதாக்கினார்'. 1996இல் நெல்சன் டி சில்வா எதிர் இலங்கை அரச பொறியியற் கூட்டுத்தாபனம் என்னும் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், பதவியை வறிதாக்கலுக்கு இரு கூறுகள் வேண்டும் என்பதை எடுத்துரைத்தது. வேலைத்தலத்துக்கு வராமை ஒன்று. வேலையைக் கைவிடும் எண்ணம் மற்றொன்று. வைத்தியச் சான்றிதழின் உண்மையான பெறுமதி இங்கேதான் வெளிப்படுகின்றது. அது நோயை நிறுவுவதோடு, வேலையைக் கைவிடும் எண்ணம் இல்லை என்பதையும் காட்டுகின்றது. சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பியவர், திரும்பி வரும் தம் எண்ணத்தையே அனுப்பியவராகின்றார்.

எனவே எமது விடை இது: சான்றுபடுத்தப்பட்ட சுகவீன விடுமுறையிலிருப்பதையே காரணமாகக் கொண்ட வேலைநீக்கம், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்குட்பட்ட தொழிலாளியைப் பொறுத்தவரை சட்டவிரோதமானது. அவ்வெல்லைக்கு வெளியேயுள்ளவரைப் பொறுத்தவரை, நீதியும் நியாயமும் அற்றது என நியாய சபையில் எதிர்க்கத்தக்கது.

6. 'வறிதாக்கல்' என்னும் ஆயுதம்

பதவியை வறிதாக்கல் என்னும் கருத்து அரசியல் சாராத சட்ட நுணுக்கம் என எண்ணுவோர் 1980 ஜூலையை நினைவுகூர வேண்டும். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையால் உண்மைச் சம்பளம் தேய்ந்த நிலையிற் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கிய அரசாங்க, கூட்டுத்தாபன ஊழியர் ஏறத்தாழ 40,000 பேர், அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ்த் தம் பதவிகளை வறிதாக்கியோராகக் கொள்ளப்பட்டு வெளியேற்றப்பட்டனர். உரிமை கேட்டு வெளியே நின்றவர்களின் எண்ணம் வேலையைக் கைவிடுவதன்று என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் ஒரு சொல், எண்ணத்தை அழித்து வருகையின்மையை மட்டும் எஞ்சவைத்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் வராதவரைக் குற்றவாளி என்றது. 1980இன் ஒழுங்குவிதி வராதவரைத் தாமே விலகியவர் என்றது. முன்னது சிறைக்கு அனுப்பியது. பின்னது பசிக்கு அனுப்பியது.

இதன் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். சுகவீன விடுமுறையைக் கூட்டாக அறிவித்துப் பணிக்கு வராதிருக்கும் போராட்ட முறையை இந்நாட்டின் ஆசிரியரும் ஏனைய அரச ஊழியரும் கையாண்டு வந்துள்ளனர். நிரந்தர நியமனம் பெற்றவருக்குச் சுகவீன விடுமுறை கூட்டுப் போராட்டத்தின் கருவியாகவும் அமையமுடிகின்றது. நாட்கூலிக்கோ அது தனிமனிதப் பாதுகாப்பாகக்கூட அமைவதில்லை.

7. எல்லைக்கு வெளியே நிற்போர்

இனி நாம் குறித்துவைத்த இரு இலக்கங்களுக்கு வருவோம். உப்பு வெயிலின் விளைபொருள். மழை தொடங்கின் பாத்தியில் வேலை இல்லை. பருவத்துக்குப் பருவம் அழைக்கப்படும் தொழிலாளி, பத்தாண்டுகள் ஒரே உப்பளத்தில் வேலை செய்திருப்பினும், குறித்த 12 மாதங்களில் 180 நாட்களை எட்டாதிருக்கலாம். வானத்தின் நாட்காட்டி சட்டத்தின் நாட்காட்டியோடு ஒத்துவராதபோது அவர் பாதுகாப்பை இழக்கின்றார். அவ்வாறே 15 பேருக்குக் குறைவானோரைக் கொண்ட சிறு இறால் பண்ணையும் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. 15 என்னும் அதே இலக்கம் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்திலும் வாயிற்காவலாக நிற்கின்றது. பெருந் தொழிற்றலங்களிலோ மனிதவலு வழங்கும் ஒப்பந்தக்காரர் இடையே நுழைந்து, 'உன் முதலாளி யார்?' என்ற முதல் வினாவையே மங்கச் செய்துவிடுகின்றனர்.

1996ஆம் ஆண்டளவில் வெண்புள்ளி நோய் இக்கரையின் இறால் பண்ணைகளைத் தாக்கிப் பெருநட்டம் விளைவித்தது. இறாலின் நோய் ஏற்றுமதி வருமானத்தைக் குறைத்தமையால் அது அரசினதும் ஆய்வாளரினதும் கவனத்தை உடனே ஈர்த்தது. அதனைத் தடுக்கத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. தொட்டியில் இறங்கி வேலை செய்பவரின் காய்ச்சலை எந்த ஏற்றுமதிக் கணக்கும் பதியவில்லை. பண்டத்தின் நோய் தேசியப் பிரச்சினையாகவும், உழைப்பவரின் நோய் வீட்டுப் பிரச்சினையாகவும் கொள்ளப்படும் சமூகத்தில் எது எதற்காக வாழ்கின்றது என்பதை வேறு சான்றின்றியே விளங்கிக்கொள்ளலாம்.

உடப்பு முதலிய ஊர்களிற் கரைவலைத் தொழில் பங்கு முறையில் நடைபெறுவது. சம்மாட்டிக்கு வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு. இழுப்போருக்கு உழைப்புக்குரிய பங்கு. அம்பாப் பாடலின் தாளத்துக்கு ஒன்றாய் இயங்கும் கைகளின் கூட்டுழைப்பை நாம் நாட்டார் இலக்கியமாகப் போற்றுகின்றோம்; போற்றவும் வேண்டும். ஆனால் 'பங்கு' என்னும் சொல் சமத்துவத்தின் தோற்றத்தைத் தந்து, கூலி உறவை மறைத்துவிடுகின்றது. கயிற்றைப் பிடிக்க இயலாது படுத்தவர் நீக்கப்படுவதில்லை. அவருக்கு விடுமுறையும் இல்லை. அவருடைய இடத்தில் இன்னொருவர் நிற்கின்றார், அவ்வளவே. வேலைநீக்கம் என்ற சொல்லே தேவைப்படாத இடத்தில் அதற்கெதிரான சட்டம் எவ்வாறு நுழையும்?

எனினும் இங்கே நாம் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டுச் சட்டம் வேலையாளுக்குத் தந்த வரைவிலக்கணம் வியக்கத்தக்க அளவு விரிவானது. ஒப்பந்தம் வாய்மொழியாகவோ உட்கிடையாகவோ இருக்கலாம். தம் கைப்பட ஒரு வேலையைச் செய்துகொடுக்கும் ஒப்பந்தமும் அதில் அடங்கும். குறித்த ஒரு வேளையில் வேலையில் இல்லாதிருப்பினும், வழமையாக அவ்வாறு அமர்த்தப்படுபவரும் வேலையாளே. பருவகால உப்பளத் தொழிலாளியை 1971ஆம் ஆண்டுச் சட்டம் கைவிடும் இடத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் அவரைத் தழுவிக்கொள்ள இடமுண்டு. 15 என்ற எண்ணிக்கையும் 180 என்ற நாட்கணக்கும் நியாய சபையின் வாயிலைக் காப்பதில்லை.

அவ்வாயிலில் அவர் காட்டவேண்டியது வேறொன்று: தாம் அங்கு வேலை செய்தமைக்கான தடயம். புத்தளத்திலோ சிலாபத்திலோ அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றவருக்கு நோய்க்கான எழுத்துச் சான்று இலவசமாகவே கிடைக்கின்றது. இலவச மருத்துவம் என்ற சமூக வெற்றியின் பயன் அது. கிடைக்காதது நியமனக் கடிதம். நோயாளி என்பதற்குச் சான்றுண்டு. தொழிலாளி என்பதற்குச் சான்றில்லை. தோட்டத்துச் செக்ரோலும், வரவுப் பதிவேடும், ஒரே ஒரு ஊழியரை வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழான பதிவும் இங்கேதான் பெறுமதி பெறுகின்றன. சேமலாப நிதிப் பணத்தைச் செலுத்தாதிருப்பதால் முதலாளி பெறும் இலாபம் அப்பணம் மட்டுமன்று. தொழிலாளி இருந்தார் என்பதற்கான தடயத்தையும் அவர் அழித்துவிடுகின்றார்.

8. ஒப்பீடும் முடிவும்

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் தூத்துக்குடியிலும் உப்பளங்கள் உள. அத்தொழிலாளரின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலிற் பொருளாக்கினார். இந்தியாவின் 1948ஆம் ஆண்டு ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், சுகவீன உதவி பெறும் காலத்தில் ஓர் ஊழியரை நீக்குவதையும் தண்டிப்பதையும் தன் 73ஆம் பிரிவில் வெளிப்படையாகத் தடைசெய்தது. நாம் தேடிய ஒற்றை வரி அங்கே இருந்தது. ஆயினும் பருவகாலத் தொழிற்சாலைகளை அச்சட்டமும் விலக்கியே வைத்தது. இரு கரைகளிலும் பருவத்தோடு வந்துபோகும் உழைப்பாளியையே சட்டம் மறந்தது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டின் 158ஆம் இலக்கச் சமவாயம், நோயாலோ காயத்தாலோ ஏற்படும் தற்காலிக வருகையின்மை வேலைநீக்கத்துக்கு ஏற்புடைய காரணமன்று எனத் தன் 6ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. இலங்கை அதனை ஏற்புறுதி செய்யவில்லை. சுகவீனக் காலத்துக்குப் பணவுதவி வழங்கும் சமூகக் காப்புறுதித் திட்டமொன்றும் எமது தனியார்துறைத் தொழிலாளருக்கு இல்லை. ஆனால் 2020இற் கொவிட் நோய்த்தொற்று நாட்டை முடக்கியபோது, வேலைக்கு அழைக்கப்படாதோருக்குச் சம்பளத்தின் அரைப்பங்கு அல்லது 14,500 ரூபா, இவற்றுட் கூடியது வழங்கப்படவேண்டும் என அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டன. வராதவருக்கும் சம்பளம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்போர் அந்த உடன்பாட்டை மறந்துவிடுகின்றனர்.

ஒரு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு தெளிவானது. வருகையின்மை குற்றம் என்ற நிலையிலிருந்து, நியாயங் கூறாமல் நீக்கலாகாது என்ற நிலைக்குச் சட்டம் நகர்ந்துள்ளது. அந்நகர்வில் ஒவ்வோர் அடியும் இயக்கங்களால் வென்றெடுக்கப்பட்டதேயன்றி வழங்கப்பட்டதன்று. ஆனால் அவ்வெற்றி இன்னும் கரைக்கு வந்துசேரவில்லை. தொழிலாளியின் நோயைக் காண்பதற்கு முன்னர் சட்டம் அவரைத் தொழிலாளியாகக் காணவேண்டும். ஆகவே இங்கு முதலில் எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள் மூன்று: நாட்கூலிக்கும் எழுத்துமூல நியமனம், பருவங்களைக் கூட்டிக் கணிக்கும் சேவைக்காலம், நோயுற்றமையைக் காரணமாகக் கொண்ட நீக்கம் செல்லாது என்னும் வெளிப்படையான ஒரு பிரிவு. இவற்றை முன்வைக்கவேண்டியவை தொழிற்சங்கங்கள். இக்கரையின் உழைப்பு வரலாற்றை உப்பளக் கணக்கேடுகளிலிருந்தும், செக்ரோல்களிலிருந்தும், உழைத்தோரின் வாய்மொழியிலிருந்தும் தொகுத்து அவற்றின் கையிற் கொடுக்கவேண்டிய கடமை பல்கலைக்கழகங்களில் இருக்கும் எம்முடையதாகும்.